மாமியார் பங்கு அவல்

"அடிப்பாவி! இன்னிக்குமா தின்னுட்டே?"

பூஜைக்குக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டு நிசாமணி வாசலிலேயே நின்று கூவினாள். சேவதியின் கையில் இருந்த பித்தளைக் கிண்ணம் காலி. உதட்டோரம் ஒரு அவல் ஒட்டியிருந்தது. மறைக்க வழியே இல்லை.

சாவித்ரி அமாவாசை. ஊரிலுள்ள சுமங்கலிகள் எல்லாம் புருஷன் ஆயுசுக்காகப் பட்டினி கிடக்கிற நாள். சேவதியும் விடியுமுன் குளித்து, புதுச் சேலை, புது வளையல், வகிடு நிறையக் குங்குமம் என்று தயாராகத்தான் இருந்தாள்.

மாமியார் கேதகி விதவை. அவளுக்கு விரதம் கிடையாது. அவளுக்குக் காலை ஆகாரம் பிசையத்தான் சேவதி உட்கார்ந்தாள். ஊறிய அவலைப் பிழிந்து, கனிந்த வாழைப்பழம், மாம்பழம், வெல்லம், தேங்காய்ப்பூ எல்லாம் போட்டு உள்ளங்கையால் குழையக் குழையப் பிசைந்தாள். வாசனை மூக்கில் ஏறியது. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை வேறு. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு வாய் என்று ஆரம்பித்தவள், கிண்ணத்தையே வழித்துவிட்டாள்.

"சூரத்துல தறியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான் உன் புருஷன். அவனுக்காக ஒரு நாள் வயித்தைக் கட்ட முடியலையா உனக்கு?"

பத்து வருஷமாக நிசாமணி விரதத்தைத் தப்பவிட்டதில்லை. அவள் புருஷன் சாராயக் கடையைத் தப்பவிட்டதில்லை. அது வேறு விஷயம்.

சேவதி உதட்டோரத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

சத்தம் கேட்டுக் கேதகி வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். மருமகள் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு இருந்த ஒரே போனை, ராத்திரியெல்லாம் தன் தலைமாட்டில் இருந்ததை, சேவதி கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சேவதிக்கு.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. புருஷனோடு வேலை பார்க்கும் காளியா.

"அண்ணி... பூர்ணா அண்ணனுக்குக் கரண்ட் அடிச்சிருச்சு. எட்டரை மணிக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்... போயிட்டாரு அண்ணி."

போன் கீழே விழுந்தது. சேவதி போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

கேதகி ஓடி வந்து போனை எடுத்தாள். காதில் வைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. பழக்கூடையோடு பூஜைக்குக் கிளம்பியவர்கள் அப்படியே வந்திருந்தார்கள். ஒப்பாரியை ஆரம்பித்தது நிசாமணிதான். பேச்சை ஆரம்பித்ததும் அவள்தான்.

"காலையில என் கண்ணால பார்த்தேனே! விரத நாள்ல வழிச்சு வழிச்சுத் தின்னா. மத்தியானம்கூட ஆகல, புருஷனையும் சேர்த்து முழுங்கிட்டா! இவ வயித்துல இருக்கிறது என்ன ஆகப்போகுதோ!"

சேவதியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வாயை மூடு நிசாமணி" என்றாள் கேதகி. "என் பிள்ளை ராத்திரியே போயிட்டான். மூணு மணிக்கே எனக்குப் போன் வந்துருச்சு. இப்ப வந்தது ரெண்டாவது."

கேதகி மருமகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விஷயம் தெரிஞ்சா இவ வளையலை உடைப்பீங்க, குங்குமத்தை அழிப்பீங்க. அடுப்பு எரியாது. வயித்துப் பிள்ளைக்கு யாருடி சோறு போடுவா? அதான் என் பங்கு அவலை நானே பிசைஞ்சு இவ வாயில திணிச்சேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"பெத்த பிள்ளை செத்துக் கிடக்கான்... நீ உட்கார்ந்து பழம் பிசைஞ்சியா சித்தி?" நிசாமணி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "நீயெல்லாம் ஒரு தாயா?"

"கல்நெஞ்சுக்காரி" என்றாள் ஒருத்தி. "கல்லேதான்" என்றாள் இன்னொருத்தி. அதுவரை சேவதி மேல் இருந்த கண்கள் எல்லாம் கேதகி மேல் திரும்பின. இனி அவள் சாகிறவரைக்கும் ஊரில் அதுதான் பெயர். அது அவளுக்குத் தெரியாதா என்ன! தலையைக் குனியாமல் நின்றாள்.

உள்ளறைக் கதவைச் சாத்தியதும் சேவதி அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா பொய் சொன்னீங்க? எட்டரை மணிக்குன்னு காளியா என்கிட்டயே சொன்னானே! பிசைஞ்சதும் நான்தான், தின்னதும் நான்தான். இன்னிக்கு ஒரு நாள் பட்டினி கிடந்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரும்மா!"

"காளியாகிட்டயும் சொல்லிட்டேன். இனி யார் கேட்டாலும் அவனும் ராத்திரின்னுதான் சொல்லுவான்."

சொல்லி முடிக்கவில்லை, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது கேதகிக்கு. கீழே உட்கார்ந்து, புது வளையல் போட்ட அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். காலையில் பிசைந்த வெல்லப் பிசுக்கு அதில் இன்னும் போகவில்லை.

"உன் மாமனார் போனது சாவித்ரி முடிஞ்ச மூணாம் நாள்டி. அந்த வருஷம் நான் எச்சில்கூட முழுங்கல."