ஒரு ஏற்றத்துக்கு மட்டும்

கொடைக்கானல் மலையோட்டத்தின் கடைசி முகாமில் இன்பராஜ் விசிலடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய தோழி ரெஜினா வெகுநேரம் கழித்து நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

“ரெண்டு பேரும் சேர்ந்து முடிச்சாத்தான் கணக்கு. ஒழுங்கா பயிற்சி எடுத்திருந்தா இப்படி நொண்டுவியா?” என்று எரிந்து விழுந்தான்.

அவள் பெஞ்சில் சாய்ந்தாள். முதலுதவி செய்ய வந்த பெண் அவள் காலை அழுத்திப் பார்த்தாள். “உங்க முட்டி நல்லாத்தான் இருக்கு. யாரோட வலியை வாங்கியிருக்கீங்க?”

இன்பராஜ் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது முட்டிதான் பந்துபோல் வீங்கியிருந்தது.

“இந்த ஒரு ஏத்தத்துக்கு மட்டும் வாங்கிக்க ரெஜி, மேல போனதும் நானே எடுத்துக்கறேன்” என்று காலையில் கெஞ்சி, இருவரும் கட்டியிருந்த, வலியை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றும் மணிக்கட்டுப் பட்டை வழியாகத் தன் வலியை அவளுக்கு அனுப்பியிருந்தான். வலிக்காததால் அதை மறந்தே போனான்.

“சொல்லியிருக்கலாமே?”

“நீயா திருப்பிக் கேப்பன்னு நெனச்சேன்டா.”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலியைத் திரும்ப வாங்கப் பட்டையை ஒருமுறை தொட்டால் போதும். கீழே, மரங்களுக்கு நடுவில், ஓட்டம் முடியும் இடத்தின் கொடிகள் தெரிந்தன.

அவன் விரல் உடனே நகரவில்லை.

அதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.