இரண்டு ஆள் வேலை

"பிடிச்சிருக்கியா?" என்று குழாய்க்குள் வாயை வைத்துக் கத்தினான் வில்ஃப்.

"பிடிச்சிருக்கேன்யா, பிடிச்சிருக்கேன். நீ குத்து!" புகைபோக்கி வழியாகவே மேலேறி வந்தது க்ளெனிஸின் குரல்.

கால்வாய்க் கரையில் நின்றாலே அவன் குடியிருக்கும் படகின் கூரை கைக்கு எட்டும். புகைபோக்கியின் மேல்துண்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, பிரஷ்ஷை உள்ளே இறக்கினான்.

கீழே, ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும் அந்தப் படகுவீட்டில், விறகடுப்பின் கதவை அவள் ஈரச் சாக்கால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் கரி முழுக்க மெத்தைக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் போய்விடும். அப்படித்தான் அவன் சொல்லி வைத்திருந்தான்.

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்று, குளிர் தொடங்குமுன் கரி எடுக்க அவன் கூப்பிடும் ஒவ்வொரு அக்டோபரும் ஃபோனில் அலுத்துக்கொள்வாள். பிறகு இஞ்சி கேக்கோடு இரண்டு பஸ் மாறி வந்துவிடுவாள்.

விவாகரத்து ஆகி ஏழு வருஷம். சட்டியிலிருந்து நாய் வரைக்கும் நியாயமாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த ஒரு நாள் மட்டும் யார் பங்கிலும் சேராமல் மிஞ்சியது.

அதற்கு வில்ஃப் போட்ட மூலதனம் ஒரே ஒரு பொய்.

இந்த வேலைக்கு இரண்டு ஆளே தேவையில்லை. அடுப்புக் கதவின் கொண்டியைப் போட்டால் போதும். அது தெரிந்துவிட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள்?

போன மாதம்தான் பக்கத்தில் படகைக் கொண்டுவந்து கட்டிய நெவில், தன் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அந்தம்மாவ ஏன்பா கஷ்டப்படுத்துற? கொண்டியப் போட்டுட்டு நீயே குத்த வேண்டியதுதான? நான் தனியாத்தான் முடிச்சேன்!"

அடுத்த மதகு வரை கேட்கிற தொண்டை.

வில்ஃபின் கை நின்றது. இத்தனை வருஷத்து வியாபாரம் ஒரு ஓட்டை வாயால் கவிழ்ந்தது என்று நினைத்தான்.

பிறகு குழாய் வழியாகக் க்ளெனிஸின் குரல் வந்தது.

"யாருப்பா அது? இந்தக் கொண்டி தேஞ்சு போனதுப்பா. லேசா தட்டினாலே திறந்துக்கும். ஒருத்தர் பிடிச்சே ஆகணும்!"

நெவில் உதட்டைப் பிதுக்கிவிட்டு நாயோடு நடந்தான்.

வில்ஃப் அங்கேயே நின்றான். அந்தக் கொண்டியை மே மாதம்தான் புதிதாக வாங்கிப் பொருத்தியிருந்தான்.

குனிந்து, வட்ட ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான்.

அடுப்புக் கதவில் கொண்டி போட்டிருந்தது. சாக்கு வாளியின் மேல் மடித்தபடி கிடந்தது, நனையக்கூட இல்லை. மெத்தையில் காலை நீட்டிச் சாய்ந்திருந்த க்ளெனிஸ், டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அடுப்பைப் பார்த்துக் கத்தினாள்.

"கை கடுக்குதுய்யா! இன்னும் எவ்வளவு நேரம்?"

வில்ஃப் சத்தம் போடாமல் நிமிர்ந்தான்.

"கரி நிறைய இருக்கு!" என்று சொல்லி, எப்போதோ சுத்தமாகிவிட்ட குழாய்க்குள் மறுபடியும் பிரஷ்ஷை விட்டான்.