நானூற்றுப் பன்னிரண்டு வரேன்

வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயரைச் சேர்ப்பது என்று வீடே முடிவு செய்யும். அது மறுத்தால் நாளை முதல் நல்லசிவத்துக்குக் கதவு திறக்காது. கல்யாணம் செய்துகொள்ளாமல் அவனோடு வாழும் எஸ்தர், தன் ஒப்பந்தத்தில் அவன் பெயரையும் சேர்க்கும்படி வீட்டிடம் கேட்டாள்.

"இவர் தினமும் 'வரேன்' என்று சொல்லிவிட்டு வெளியே போகிறார்," என்றது வீடு.

"ஐயோ, கிளம்பும்போது எல்லாரும் சொல்றதுதானே அது!" என்று பதறினாள் எஸ்தர்.

"எல்லாரும் சொல்கிறார்கள். இவர் நானூற்றுப் பன்னிரண்டு தடவை சொன்னார், அத்தனை தடவையும் வந்தார். பெயரைச் சேர்த்தாயிற்று."

எஸ்தருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லசிவம் வேலைக்குக் கிளம்பினான்.

"வரேன்," என்றான், இம்முறை கதவிடம்.

இத்தனை நாளும் அவனை விருந்தாளியாக நினைத்து "நன்றி" மட்டும் சொல்லிவந்த அந்தக் கதவு, "போயிட்டு வாங்க" என்றது.