இரண்டாவது சுவிட்ச்

"அந்த ரெண்டாவது சுவிட்சைத் தொடாதீங்கம்மா!"

பல் டாக்டர் போட்ட அதட்டலில் ரேடியோக்காரம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. எந்தப் பாட்டுப் பெட்டியைப் பழுது பார்க்கவும் அவளைத்தான் எல்லோரும் அழைப்பார்கள். பல் பிடுங்க வந்தவர்களிடம்கூட அதிர்ந்து பேசாத மனிதர், இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மதியம் மூன்று மணிக்கே அறை இருண்டு கிடந்தது. அலமாரி மேலிருந்த பழைய பாட்டுப் பெட்டியின் கண்ணாடி வால்வு ஆம்ப்ளிஃபையர் மட்டும் ஊதிவிட்ட தணல்போலச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. அதன் தலைமேல் ஊதா நிறக் கம்பளிச் சால்வை ஒன்று பந்தாகச் சுருண்டிருந்தது. பெண்கள் போர்த்துகிற சால்வை.

"முதல் சுவிட்ச் வால்வைச் சூடாக்க மட்டும்தான் டாக்டர். ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு ரெண்டாவதைப் போட்டாத்தான் பாட்டு வரும். முதல் சுவிட்சை எப்பப் போட்டீங்க?"

"பதினஞ்சு நாள் ஆச்சு."

"என்னது! வால்வைச் சூடேத்தி, வேலை கொடுக்காமலே வச்சிருந்தா உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போயிடும், தெரியுமா?"

"வியாழக்கிழமை வரைக்கும் தாங்கினாப் போதும். காலையிலேருந்து டிக் டிக்னு ஒரு சத்தம். வால்வு போகுதோன்னு பயந்துதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவள் காது கொடுத்துக் கேட்டாள். டிக். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு டிக். இரண்டாவது சுவிட்சைப் போடாத பெட்டியில் எந்தச் சத்தமும் வரக்கூடாதே!

ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் வீட்டுக்காரரின் மனசைக் கழற்றிப் பார்ப்பது ரேடியோக்காரம்மாவின் பழக்கம். "பாட்டே போடறதில்லையா டாக்டர்?" என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"அவ இருந்தப்ப தினமும் போடுவேன். ஜன்னல் பக்கம் வந்து நின்னு, தலையைச் சாய்ச்சுக் கேப்பா." டாக்டர் தணலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்குக் காலையில தோட்டத்துல நல்லாத்தான் நடந்துட்டிருந்தா. பத்து மணிக்கு இல்ல."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். "அடப் பாவமே. சொல்லவே இல்லையே!"

"சொல்லிட்டிருக்க ஏது நேரம்? அவ விட்டுட்டுப் போனதை நான்தானே பாத்துக்கணும். தூக்கத்துலகூட எழுந்து வந்து தொட்டுப் பாத்துக்கறேன்."

மழையின் சலசலப்பும் அந்தச் செம்மஞ்சள் வெளிச்சமும் சேர்ந்து அவளை எங்கோ இழுத்துப்போயின. ஊதாச் சால்வை போர்த்திய ஒருத்தி ஜன்னலருகே நிற்கிறாள். பாட்டு தொடங்கக் காத்திருக்கிறாள். அந்தப் பாட்டு தொடங்கவே இல்லை. கண் விழித்தபடியே கனவு கண்டதுபோல இருந்தது.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. மனுஷங்களும் வால்வு மாதிரிதான். எல்லாத்தையும் உள்ளேயே வச்சுப் புழுங்கினா வீணாப்போயிடுவோம். ஒரே ஒரு பாட்டு போடுங்களேன். மனசு லேசாகும்."

டாக்டர் மலங்க மலங்க விழித்தார். "நீங்க வால்வை மாத்துங்கம்மா. அணைக்காம மாத்த முடியுமா?"

"அணைக்காம கை வைக்கமாட்டேன். சூடு ஆறவே பத்து நிமிஷம் ஆகும்."

"பத்து நிமிஷமா!" அவர் முகம் வெளிறியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிச் சால்வையைச் சுற்றிப் பொத்திக்கொண்டார். "சரி, அதுவரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்."

ரேடியோக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினாள். தணல் சிவந்து, மங்கி, அணைந்தது. அறையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

டிக்.

பிளக் அவள் கையில்தான் இருந்தது. மறுபடியும் டிக்.

"டாக்டர்... கரண்டே இல்லாம எப்படிச் சத்தம் வருது?"

அவர் மெல்லச் சால்வையை விரித்தார். உள்ளே ஐந்து கோழி முட்டைகள். ஒன்றின் ஓட்டில் ஓட்டை விழுந்து, அதன் வழியே ஈரமான குட்டி அலகு ஒன்று எட்டிப் பார்த்தது.

"அடி சக்கை! நான் வியாழக்கிழமைன்னுல்ல கணக்குப் போட்டிருந்தேன்! அந்தப் பாழாப்போன நாய் அவளைக் கவ்விட்டுப் போனப்ப முட்டையெல்லாம் சூடாவே இருந்துச்சும்மா. எனக்கு வேற வழி தோணல. பாட்டு போட்டா முட்டை அதிருமேன்னுதான் ரெண்டாவது சுவிட்சைத் தொட விடல."

ரேடியோக்காரம்மா கையிலிருந்த பிளக்கைக் கீழே வைப்பதற்குள், "என்னங்க, பொரிச்சிடுச்சா?" என்று கேட்டபடி, ஈரக் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள் டாக்டரின் மனைவி.