பாதிக் கொடி

மொட்டைமாடியில் பூரணி கட்டியிருந்த செம்புக் கம்பியைக் காவல் அதிகாரி விரலால் சுண்டிப் பார்த்தார். அதில் ஈரப் பாவாடையும் தலையணை உறைகளும் தொங்கின.

"என்னம்மா இது?"

"கொடி சார். துணி காயப்போட."

"ஊர்ல எந்தக் கொடியும் கட்டக் கூடாதுன்னு உத்தரவு. தெரியாது?"

கூட வந்த காவலர் சிரிப்பை இருமலாக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை. குறடால் கம்பியைச் சரியாக நடுவில் வெட்டி, ஒரு பாதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

விழுந்த துணியை அப்படியே விட்டுவிட்டு, பூரணி சமையலறையில் இருந்த டிபன் பாக்ஸை எடுத்துவந்தாள். அதற்குள் அவளே ஈயம் பற்றவைத்துச் செய்த ரேடியோ இருந்தது. ஊரில் போன்கள் செத்ததிலிருந்து, போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயர்களை அதில்தான் பக்கத்து மாவட்டத்துக்குச் சொல்லிவந்தாள். அதற்கு மேல் குரல் எட்டவில்லை.

மிஞ்சிய பாதிக் கம்பியை இழுத்துக் கட்டி, எப்போதும்போல அதன் முனையை ரேடியோவில் செருகினாள். கம்பி பாதியானால் அலையின் நீளமும் பாதியாக வேண்டும். ரேடியோவுக்குள் இருந்த காயில் என்ற கம்பிச்சுருளில் பாதிச் சுற்றுகளைப் பிரித்தெறிந்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள். குட்டை அலை பகலில் வானத்தில் மோதிக் கடல் தாண்டிப் போய் விழும். அது தெரிந்தும், அத்தனை நல்ல கம்பியைத் தன் கையால் வெட்ட இதுவரை அவளுக்கு மனம் வந்ததில்லை.

மைக்கை அழுத்திக் கூப்பிட்டாள். எங்கோ தொலைவிலிருந்து ஒரு குரல் தமிழிலேயே பதில் சொன்னது. ரேடியோக்காரர்கள் முதலில் கேட்பதையே அதுவும் கேட்டது.

"ரொம்பத் தெளிவா கேக்குது. என்ன ஆன்டெனா போட்டிருக்கீங்க?"

"கொடி," என்றாள் பூரணி. "போலீஸே அளவா வெட்டிக் குடுத்தாங்க. பேனா எடுங்க, பேர்களைச் சொல்றேன்."