இரண்டாவது மருந்து

கையை மடக்காதீர்கள், ஊசி நகர்ந்துவிடும் என்று காலையிலிருந்து புருஷனிடம் தொண்டை வற்றக் கத்துகிறாள்.

மடக்கித்தான் வைத்திருக்கிறார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். இவரோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. டவுன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் வந்தால் காதைக் கழற்றி வைத்துவிடுவார்.

இப்போது இதய வால்வில் கிருமி.

அதுவும் சாதாரணக் கிருமியா? எதற்கும் மசியாத சனியன். ஒரு மருந்தை ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. அதை நிறுத்திவிட்டு வேறொன்றை ஏற்றினார்கள். அதற்கும் அசையவில்லை. ஆபரேஷனை இந்த உடம்பு தாங்காது என்று கையை விரித்தார்கள். கடைசியில் இரண்டு மருந்தையும் சேர்த்து ஏற்றிய பிறகுதான் காய்ச்சல் இறங்கியது.

டாக்டர் மெர்லின் அன்றைக்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ரெண்டாவது மருந்து காதைப் பாதிக்கலாம்மா. கேக்கறதுல கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்சாலும் சொல்லிடுங்க. உடனே நிறுத்திடுவோம்.”

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அவள் பார்த்துவிட்டாள். போன வாரம் சிறுநீரகத்தில் ஏதோ கூடியிருக்கிறது என்று அந்த மருந்தை இரண்டு நாள் நிறுத்தினார்கள். கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் ஜுரம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வால்வு தாங்காது என்றார்கள்.

அதிலிருந்து தினமும் காலையில் டாக்டர் கேட்பார். காது நல்லா கேக்குதா சார்?

அவரை வாய் திறக்க விட்டால்தானே. அவள் முந்திக்கொள்வாள்.

“இவருக்கா? கண்டக்டர் விசில் மட்டும்தான் டாக்டர் கேக்கும். நான் பேசுனா கேக்காது.”

வார்டே சிரிக்கும். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

இன்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. முதல்முறையாக ரத்தத்தில் கிருமி இல்லை.

நர்ஸ் சொன்னதும் ஓடி வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க, முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள்.

அசையவில்லை.

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல சேதி சொல்லும்போதுகூடவா இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு அழுத்தம்?

“ஏங்க! உங்ககிட்டத்தான் கத்துறேன்!”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் பதறி எழுந்தார்.

அவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். மறுபடியும் சொன்னாள், மெதுவாக. அவர் அவளுடைய உதட்டையே பார்த்தார்.

“சாப்பிட்டேன்” என்றார்.

அடப் பாவி மனுஷா, எத்தனை நாளாக இப்படி? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சொல்ல எங்கே விட்டாள்.

டாக்டர் மெர்லின் கையில் காகிதத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ரெண்டு மருந்தும் இப்படியே இன்னும் மூணு வாரம் போச்சுன்னா பொழைச்சுடுவார்மா என்றார். பிறகு வழக்கம்போல அவர் பக்கம் குனிந்தார்.

“காது நல்லா கேக்குதா சார்?”

அவர் அவளைப் பார்த்தார்.

வார்டு சிரிக்கத் தயாராக இருந்தது.

“நல்லா கேக்குது டாக்டர்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் இரண்டாவது மருந்தை மாட்டினார்.