ஒன்பது வருஷப் பயிற்சி

"வெள்ளைக் கார். நம்பர் நாலு ஏழு ஒண்ணு ஒன்பது. இடது பக்க விளக்கு உடைஞ்சிருந்தது. மணி சாயங்காலம் ஆறு இருபது."

பூங்காவை நாலாவது சுற்று சுற்றிக்கொண்டே மூச்சுவிடாமல் ஒப்பித்தாள் தையலக்கா. கூட நடந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அறுபத்தெட்டு வயசுல எனக்கெல்லாம் கேஸ் அடுப்பை அணைச்சேனாங்கிறதே ஞாபகம் இருக்காதுக்கா. நீங்க கம்ப்யூட்டர்!"

தையலக்கா சிரிக்கவில்லை. விடிந்தால் நடை, மதியம் குறுக்கெழுத்து, ஒன்பது மணிக்குத் தூக்கம். ஊறவைத்த வாதாம் ஆறு. போதாததற்கு அறுபது வயதில் கீபோர்டு வேறு கற்றுக்கொண்டாள். புதிதாக எதையாவது கற்றால் மூளை துருப்பிடிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'நூறு வயசு வாழணும்னு ஆசை, கிழவிக்கு' என்று தெருவில் சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஊர் வாயை மூட முடியுமா?

எல்லாம் வக்கீல் ஒன்பது வருஷத்துக்கு முன் சொன்ன ஒரு சொல்லுக்காக.

"கண்ணால பார்த்த சாட்சி நீங்க ஒருத்தர்தாம்மா. எதிர்த்தரப்பு உங்க ஞாபகத்தைத்தான் அடிப்பாங்க. ஒரு இடத்துல தடுமாறினீங்கன்னா, உங்க பையனைக் கொன்னவன் வெளிய போயிடுவான்."

மர டிப்போ முதலாளிதான் அன்று காரை ஓட்டினார். மோதிவிட்டு இறங்கி வந்து, அவள் மடியில் கிடந்த மகனை ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பிப் போய் வண்டியை எடுத்தார். போலீஸ் வந்தபோது 'நான்தான் ஓட்டினேன்' என்று அவருடைய டிரைவர் நின்றான். தையலக்கா விடாமல் அலைந்ததில்தான் முதலாளி மேல் வழக்குப் பதிவானது.

வாய்தா மேல் வாய்தா. முதலாளிக்கு முதலில் முட்டி வலி, அப்புறம் கண் ஆபரேஷன். கடைசியில் இன்றைக்குத்தான் தையலக்காவைக் கூண்டில் ஏற்றப் போகிறார்கள். இஸ்திரி போட்ட புடவையில், பத்து மணிக்கே கோர்ட்டில் உட்கார்ந்திருந்தாள்.

முதலாளியை அவர் மகன் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

"இது எந்த ஆஸ்பத்திரி?" என்றார் முதலாளி.

"கோர்ட்டுப்பா."

"சாப்பாடு எப்போ போடுவாங்க?"

வழக்கைக் கூப்பிட்டபோது மகன் வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தான். முதலாளி தானாகவே எழுந்து, வழக்கமாக நிற்கும் மூலையில் போய்க் கைகட்டி நின்றார். கால் பழக்கம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் தையலக்கா.

டாக்டர்கள் கொடுத்த அறிக்கையை ஜட்ஜ் படித்தார். இவருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. பெற்ற மகன் பெயரே தெரியவில்லை. விசாரணையைத் தாங்கும் நிலையில் இல்லை என்பதால் வழக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.

"என்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே ஐயா!" என்று கத்தினாள் தையலக்கா. அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வக்கீல் அவள் முகத்தைப் பார்க்காமல் கோப்பைக் கட்டினார். "என்னம்மா செய்ய? அவருக்கே எதுவும் ஞாபகம் இல்லைங்கிறாங்க."

ஒன்பது வருஷம் ஒரு நொடியைக்கூட மறக்காமல் அடைகாத்தவள் அவள். மறதி மட்டும் அந்த மனுஷனுக்குப் போய் உதவி செய்கிறதே!

வராந்தா பெஞ்சில் முதலாளி தனியாக இருந்தார். மகன் காரை எடுத்துவரப் போயிருந்தான். தையலக்கா நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"என்னைத் தெரியுதா?"

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். கடைவாயில் எச்சில் வழிந்தது. அவளுக்கே ஒரு கணம் பரிதாபமாக இருந்தது.

வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார் முதலாளி. கைக்குட்டையை எடுத்து வாயைச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"மூணு தடவை 'அம்மா'ன்னு கூப்பிட்டான், இல்ல?"